கடலோரத்து காரில் செக் இன்ஜின் விளக்கா?

கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கம் கார் நிறுத்துபவர்களுக்கு: செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஸ்கேனரில் பி0340 என்றால் இதைச் செய்யுங்கள்.

1. உடனே கேம்ஷாஃப்ட் சென்சார் வாங்க ஓடாதீர்கள். அந்த எண் சொல்வது சர்க்யூட் கோளாறு. ஒயரும் கனெக்டரும் அதில் சேர்த்திதான்.

2. சாவியை அணைத்து கனெக்டரைக் கழற்றுங்கள். பின்னில் பச்சையாகப் படிந்திருந்தால் உப்புக்காற்றின் வேலை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு மாட்டுங்கள். பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. ஆயிலில் நனைந்திருந்தால் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள்.

3. மூன்று ஒயர் சென்சார் என்றால், சாவியை ஆன் செய்து சப்ளை ஒயரை மல்டிமீட்டரில் பாருங்கள். வண்டியைப் பொறுத்து 5 அல்லது 12 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் புது சென்சாரும் வேலை செய்யாது. ஃப்யூஸையும் ஒயரையும் சோதியுங்கள்.

4. கனெக்டரை மாட்டிய நிலையில் சென்சார் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

5. ஒயரைக் குத்தி அளக்காதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் ஏறி உள்ளே அரிக்கும்.

6. எல்லாம் சரி, சிக்னல் ஒயரும் அறுந்தோ எர்த் ஆகியோ இல்லை. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது அதில் வோல்ட் அசையவே இல்லையா? இப்போது சென்சாரை மாற்றலாம்.