மூலக்கூறு அங்கேயே இருக்கட்டும், கேமராவை நகர்த்துங்கள்

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது நிறமோ ரிப்பனோ அல்ல, ‘டர்ன்’, ‘ரொட்டேட்’ என்ற இரு கட்டளைகளுக்கும் உள்ள வித்தியாசம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ‘டர்ன் ஒய், 90’ என்று அடித்தால் பார்வை மட்டும் திரும்பும். ‘ரொட்டேட் ஒய், 90’ என்று அடித்தால் ஒவ்வோர் அணுவின் ஆயத்தொலைவும் மாறிவிடும். மாறியதை பிடிபி கோப்பாகச் சேமித்துவிட்டால், அந்தப் புரதம் அதன் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தோடு இனிப் பொருந்தாது. புரதத்தோடு பிணையும் லிகண்ட் தனிக் கோப்பில் இருந்தால், அது பிணைப்புக் குழிக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். ஆகவே படம் எடுக்க வேண்டுமென்றால் ‘டர்ன்’ மட்டும்தான். அனிமேஷனில் ஒரே ஒரு பொருள் சுழல வேண்டுமென்றால், ‘ரொட்டேட்’டில் ‘ஆப்ஜெக்ட்=’ என்று குறிப்பிட்டு அதன் பெயரைக் கொடுங்கள், அணுக்களின் எண்களைத் தொடாமல் காட்சி அணி மட்டும் மாறும்.

இந்தக் கவனம் எங்கே உதவும் என்பதை ஹீமோகுளோபினில் பார்க்கலாம். ஆக்சிஜன் சேரும்போது ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியைப் பொறுத்து சுமார் 15 டிகிரி திரும்புகிறது. ஆக்சிஜன் இல்லாத வடிவத்தின் பிடிபி குறியீடு 4ஹெச்ஹெச்பி, ஆக்சிஜனோடு உள்ளதன் குறியீடு 1ஹெச்ஹெச்ஓ. பின்னதன் கோப்பில் ஒரு ஜோடிதான் இருக்கும். நான்கு சங்கிலிகளும் வேண்டுமென்றால் உயிரியல் தொகுப்பை இறக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ‘ஓரியண்ட்’ செய்து அருகருகே வைத்தால், கண்ணுக்குத் தெரிவது புரதத்தின் அசைவா, நாம் பார்த்த கோணத்தின் கோளாறா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘ஓரியண்ட்’ என்பது மூலக்கூறின் நீண்ட அச்சைத் திரையில் கிடையாக வைக்கும். அந்த அச்சின் எந்த முனை இடப்பக்கம் என்பதில் அதற்கு அக்கறை கிடையாது. ஒரே குடும்பத்துப் புரதங்கள்கூட ஒன்றுக்கொன்று தலைகீழாக வந்து நிற்கலாம்.

நான் செய்வது இது: ஒரு ஜோடியை மட்டும் ‘சூப்பர்’ கட்டளையால் ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவேன். இங்கே ஆயத்தொலைவு மாறத்தான் வேண்டும், அதனால் மாறிய கோப்பைப் புதுப் பெயரில் வைப்பேன். பிறகு நல்ல கோணம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலேயே ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டி இரண்டு படங்களையும் எடுப்பேன். பொருத்திய ஜோடி அசையாமல் இருக்க, அடுத்த ஜோடி மட்டும் திரும்பியிருப்பது பளிச்சென்று தெரியும்.

அந்தக் கோணத்தைக் கையோடு குறித்துவையுங்கள். ‘கெட்_வியூ’ 18 எண்களைத் தரும்: முதல் 9 சுழற்சி அணி, அடுத்த 3 கேமராவின் இடம், அடுத்த 3 சுழற்சி மையம், கடைசியில் முன்வெட்டு, பின்வெட்டு, பார்வை வகை. ‘செட்_வியூ’வோடு அதை ஸ்கிரிப்டில் ஒட்டிவிட்டால், மாதங்கள் கழித்து ஆய்விதழின் நடுவர் நிறத்தை மாற்றச் சொன்னாலும் அதே படம் திரும்பக் கிடைக்கும். மவுஸால் இழுத்துப் பழைய கோணத்தைத் தேடுவது வீண்வேலை. இரு படங்களுக்கு நடுவே ‘90°’ அம்பு போடுகிறீர்கள் என்றால், கட்டளையிலும் 90 என்றே அடித்திருக்க வேண்டும். படிக்கிறவர் அந்த எண்ணை நம்பித்தான் மனதுக்குள் புரதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

சவ்வுப் புரதங்களுக்கு ஓபிஎம் தரவுத்தளத்தின் கோப்பே நல்லது. அதில் இசட் அச்சு சவ்வுக்குச் செங்குத்து. திறந்ததும் மேலிருந்து பார்ப்பதுபோல் தெரியும். ‘டர்ன் எக்ஸ், -90’ அடித்தால் சவ்வு கிடையாகும். தலைகீழாக வந்தால் குறியை மாற்றினால் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிணைப்புக் குழி வலப்பக்கம் வர வேண்டும் என்று, முடித்த படத்தை ஃபோட்டோஷாப்பில் இடவலமாகக் கவிழ்க்காதீர்கள். வலஞ்சுழி ஆல்ஃபா ஹீலிக்ஸ் இடஞ்சுழி ஆகிவிடும், எல் அமினோ அமிலம் டி ஆகிவிடும். இயற்கையில் இல்லாத ஒரு புரதத்தை அச்சில் ஏற்றியதாக முடியும். பைமாலுக்கே திரும்பிப் போய் ‘டர்ன் ஒய், 180’ அடியுங்கள். பின்பக்கம் தெரியும், அங்கே குழியை எது மறைக்கிறதோ அதை மங்கலாக்கிக்கொள்ளலாம்.