சின்னப் பட்டறைக்கு ஒரு பேண்ட்சா: விலைக்கு முன் கேட்க வேண்டியவை

கணபதியிலோ அம்பத்தூரிலோ ஒரு லேத், ஒரு வெல்டிங் மெஷின் என்று ஓடுகிற பட்டறைகளில் ராடு அறுப்பது பெரும்பாலும் 14 இன்ச் கட்டிங் வீலில்தான். மெஷின் மலிவு, வேலையும் சட்டென்று முடியும். ஆனால் அறுத்த முனை சூட்டில் நீலம் பாரித்து, பிசிறோடு லேத்துக்கு வரும். கார்பன் கூடுதலான ஸ்டீலாக இருந்தால் முனை இறுகிப்போய் டூல் பிட்டைப் பதம் பார்க்கும். வீல் தின்கிற இரும்பு வேறு. 6 மீட்டர் ராடை 20 மி.மீ. துண்டுகளாகப் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்கு 3 மி.மீ. தின்னும் வீலில் 260 துண்டு தேறும், ஒன்றரை மி.மீ. தின்னும் பேண்ட்சாவில் 279. கடைசியில் பிடிப்புக்கு நிற்கும் கட்டையை இதில் கழிக்கவில்லை. தினமும் ராடு அறுப்பவருக்கு இந்தக் கணக்கே போதும். வாரத்துக்கு நாலு ஆங்கிள் அறுக்கிற கிரில் கடைக்காரர் வீலோடு இருப்பதே லாபம்.

வாங்குவது என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் உங்கள் ஸ்டீல் பில்களை எடுத்து விரியுங்கள். என்ன சைஸ் ராடு, என்ன கனத்தில் பைப், எதை அடிக்கடி அறுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடிக்கடி அறுப்பதில் பெரியது எதுவோ, அதற்கு ஒரு சைஸ் மேலே உள்ள மெஷின் போதும். எப்போதோ ஒருமுறை வரும் 150 மி.மீ. ராடுக்காகப் பெரிய மெஷின் வாங்கிக் காசை முடக்க வேண்டாம். அதை ஸ்டீல் கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சாய்வாக அறுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 மி.மீ. பட்டையை 45 டிகிரியில் அறுத்தால் வெட்டின் நீளம் 141 மி.மீ. கேட்லாக்கின் முதல் வரியில் இருப்பது நேர்வெட்டின் அளவு. சாய்வு வெட்டின் அளவு கீழே எங்காவது இருக்கும்.

அடுத்து பிளேடு. மெஷின் விலையைக் கேட்கும் முன் அதில் ஓடும் பிளேடின் அகலத்தைக் கேளுங்கள். நாலரை இன்ச் ராடு வரை அறுக்கும் சிறிய இறக்குமதி மெஷின்களில் 13 மி.மீ. அகலம், 0.65 மி.மீ. கனம் உள்ள பிளேடு ஓடும். ஏழு இன்ச் வகையில் பெரும்பாலும் முக்கால் இன்ச். நம் ஊரில் செய்யும் இரட்டைத் தூண் மெஷின்களில் 27 × 0.9 மி.மீ. இந்த 27 மி.மீ. பிளேடு தொழில் ஊர்களில் சுலபமாகக் கிடைக்கும். கடைக்காரரே சுருளிலிருந்து உங்கள் நீளத்துக்கு வெட்டி, வெல்டு வைத்துக் கொடுப்பார். 13 மி.மீ. சுருள் எல்லாக் கடையிலும் இருக்காது. பக்கத்தில் யார் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே சின்ன மெஷினுக்கு முன்பணம் கொடுங்கள். மெஷின் ஒருமுறைச் செலவு, பிளேடு தொடர்செலவு.

பிளேடில் சிக்கனம் பார்க்காதீர்கள். பைமெட்டல், அதுவும் எம்-42 பல் வைத்தது வாங்குங்கள். சாதா கார்பன் பிளேடு எஸ்.எஸ்.ஸைப் பார்த்ததும் மழுங்கிவிடும். பல் எண்ணிக்கைக்கு ஒரு விதி உண்டு: வெட்டுக்குள் எந்நேரமும் மூன்று பல்லாவது இருக்க வேண்டும், 6 முதல் 12 வரை இருந்தால் நன்று. 25 மி.மீ. ராடுக்கு 10/14 அல்லது 8/12, 50 மி.மீ.க்கு 5/8, 100 மி.மீ.க்கு 3/4. இன்ச்சுக்கு எத்தனை பல் என்பதுதான் இந்த எண்கள். மெல்லிய பைப்புக்குப் பல் நெருக்கமான பிளேடு வேண்டும். பல் அகன்ற பிளேடை அதில் இறக்கினால் சுவர் பல்லிடுக்கில் மாட்டிப் பற்கள் வரிசையாக உதிரும். எல்லாவற்றையும் ஒரே பிளேடில் அறுக்க நினைப்பவர்தான் பிளேடு சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்.

வேகம் பற்றிச் சுருக்கமாக. மைல்டு ஸ்டீலுக்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் சுற்றி, எஸ்.எஸ்.ஸுக்கு 25 முதல் 35 மீட்டர். அலுமினியத்தை இன்னும் வேகமாக அறுக்கலாம். மூன்று படி புல்லி உள்ள சின்ன மெஷின் 24, 36, 60 மீட்டர் என்று ஓடும், அது போதுமானது. பெல்ட் மாற்றச் சலிப்பாக இருந்தால் த்ரீ பேஸ் மோட்டாரோடு வாங்கி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வி.எஃப்.டி. டிரைவ் மாட்டலாம். சிங்கிள் பேஸ் லைனிலிருந்து 1 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டும் டிரைவ்கள் உண்டு. மரம் அறுக்கும் பேண்ட்சா மலிவாக வருகிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் வேகம் இரும்புக்கு ஏற்றதைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

இனி மெஷினின் முன்னால் நில்லுங்கள். பெயின்டைப் பார்க்க வேண்டாம். பிரேமைத் தூக்கி, ஹைட்ராலிக் வால்வை மூடுங்கள். அது நடுவானத்தில் அப்படியே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் சிலிண்டரில் கசிவு. ஹைட்ராலிக்கே இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் வைத்த மெஷின் இன்னும் மலிவாக வரும். தடித்த ராடு மட்டும் அறுப்பவர் அதை வைத்துச் சமாளிக்கலாம், பைப் அறுப்பவர் வாங்கக் கூடாது. அடுத்து, பிளேடைத் தாங்கும் கைடு பேரிங்குகள். பிளேடு ஓடும்போது இரண்டு பக்கமும் தொட்டுச் சுழல வேண்டும். கைடுகளை ஜாப்புக்கு அருகில் தள்ளி வைக்கவும் வழி இருக்க வேண்டும். வைஸின் அசையாத தாடையில் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பல்லைத் துடைக்கும் கம்பி பிரஷ் பல்லைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். அது தொடாவிட்டால் சிப்ஸ் திரும்ப வெட்டுக்குள் போய்ப் பல்லைக் கெடுக்கும். வெட்டு முடிந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், உங்கள் ராடையே கையோடு கொண்டு போவது. கடையிலானாலும், கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக், சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் அக்மி போன்ற கண்காட்சியிலானாலும், அதில் ஒரு வெட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஒரு சூட்சுமம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு வெட்டு போட்டு ஒரு வில்லையை எடுத்து, வெர்னியரில் அளந்து, பாருங்கள், எல்லாப் பக்கமும் ஒரே கனம் என்று காட்டுவார்கள். மெஷின் கோணலாக அறுத்தாலும் அந்த வில்லை அப்படித்தான் வரும், ஏனென்றால் இரண்டு வெட்டுமே ஒரே பக்கம் சாய்ந்தவை. முதல் வெட்டுக்குப் பிறகு ராடை அரைச்சுற்றுத் திருப்பி வைஸில் கட்டி, இரண்டாவது வெட்டைப் போடச் சொல்லுங்கள். இப்போது கோணல் இரண்டு மடங்காக வில்லையில் தெரியும். 50 மி.மீ. ராடில் அதிகபட்ச வித்தியாசம் 0.3 மி.மீ.க்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். கொஞ்சம் கூடினால் கைடைத் திருத்தச் சொல்லி மறுபடி பாருங்கள். திருத்தியும் அரை மி.மீ.க்குக் கீழே வராவிட்டால் வேறு மெஷினுக்குப் போய்விடலாம்.

பழைய மெஷின் என்றால் கியர்பாக்ஸ் மூடியைத் திறக்காமல் பேரம் பேசாதீர்கள். ஆயிலில் பொன்னிறத் தூள் மினுங்கினால் வெண்கல வொர்ம் வீல் தேய்கிறது என்று பொருள். கரன்டை நிறுத்திவிட்டு, பிளேடு சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதிகம் ஆடினால் விலையைக் குறைக்கலாம், அல்லது விட்டுவிடலாம். தேய்ந்த கைடு பேரிங்குக்காகப் பயப்பட வேண்டாம், மாற்றுவது சுலபம். புதிதோ பழையதோ, பில்லோடு வாங்குங்கள். புது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பதிவு செய்த தொழில் என்றால் அது இன்புட் கிரெடிட்டாகத் திரும்பும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்குத் திரும்பாது. இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

மெஷின் பட்டறைக்கு வந்ததும் பழைய கியர் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். சுருட்டிக் கட்டிய பிளேடு அவிழும்போது துள்ளும். அப்போது கையுறை கட்டாயம். மெஷின் ஓடும்போது கையுறையைக் கழற்றிவிடுங்கள். குட்டைத் துண்டைக் கட்டும்போது வைஸின் மறுமுனையில் அதே கனத்தில் ஒரு கட்டையைச் செருகினால் தாடை சாயாது. வார்ப்பிரும்பை உலர்வாக அறுங்கள். எஸ்.எஸ்.ஸுக்குக் கூலண்ட் இல்லாமல் முடியாது.

புது பிளேடை முதல் சில வெட்டுகளில் பாதி அழுத்தத்தில் ஓட்டி, பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். கூர்மையான பல் நுனி மெல்லப் பழகினால்தான் நீடிக்கும். சிப்ஸைப் பாருங்கள்: வெள்ளையாகச் சுருண்டு விழுந்தால் சரி, தூளாக வந்தால் அழுத்தம் போதவில்லை, நீலமாகித் தடித்தால் அழுத்தமோ வேகமோ அதிகம். பாதி அறுத்த ராடில் பழைய பிளேடு போய்விட்டால், அதே வெட்டுக்குள் புதியதை இறக்காதீர்கள். தேயாத பல்லின் வெட்டு அகலம், அது சிக்கி உடையும். ராடைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து புது வெட்டாகத் தொடங்குங்கள்.