குழந்தையோடு ஒரு களிமண் வண்டி



"காட்டு வேலைக்குப் போயிட்டு வந்து உலை வைக்கவே நேரம் பத்தலை. இதுல பிள்ளையோட உட்கார்ந்து விளையாட எங்க சார் நேரம்?" என்று திருச்சுழி வட்டாரக் கிராமங்களில் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தை வளர்வதற்குச் சோறும் தடுப்பூசியும் மட்டும் போதா. பெற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசி விளையாடும் நேரமும் வேண்டும். கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதும், பேச்சு வளர்வதும் அப்போதுதான். அதற்குக் காசு வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையோடு சேர்ந்து ஒரு வண்டி செய்யுங்கள்.

இது புதிய பழக்கம் அல்ல. சிந்துவெளி ஊர்களான ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும், 4,000 ஆண்டுகளுக்கு முந்திய சுட்ட களிமண் பொம்மை வண்டிகள் கிடைத்திருக்கின்றன. ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம்தான். நம் பக்கம் நுங்குக் காலத்தில், குடித்துப் போட்ட இரண்டு நுங்குக் காய்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் குத்தி, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடாத பிள்ளை உண்டா? நுங்குக் காலம் முடிந்தால் என்ன, களிமண் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

கல், கண்ணாடி இல்லாத களிமண் இரண்டு கை; சலித்த மணல் ஒரு கை; காலியான சோப்பு அட்டைப்பெட்டி ஒன்று; பென்சில் கனத்தில் நேரான குச்சிகள் இரண்டு; கொஞ்சம் நூல் கயிறு.

செய்முறை

1. கரிசல் மண் தனியாகக் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் மணல் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவுப் பதம் வந்தால் போதும். பிசைகிற வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். விரல்களுக்கு அது நல்ல பயிற்சி.

2. ஒரே அளவில் நான்கு உருண்டை உருட்டி, விரல் கனத்தில் தட்டையாகத் தட்டுங்கள். சக்கரம் தயார்.

3. ஈரமாக இருக்கும்போதே நடுவில் குச்சியை விட்டுச் சுழற்றித் துளை போடுங்கள். மண் காயும்போது சுருங்கும், துளையும் சிறுத்துப்போகும். ஆகையால் குச்சியைவிடச் சற்றுப் பெரிதாகவே துளை இருக்கட்டும்.

4. இரண்டு நாள் நிழலில், பிறகு ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். எடுத்தவுடன் வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.

5. அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம், முன்னும் பின்னும் துளையிட்டுக் குச்சிகளைக் குறுக்கே செருகுங்கள். துளையிடும் வேலை பெரியவர்களுடையது. சக்கரங்களை மாட்டி, கழன்று விழாமல் குச்சி முனைகளில் நூலை நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். முன்பக்கம் கயிறு கட்டினால் வண்டி கிளம்பிவிடும்.

வண்டி ஓடவில்லையா? உடனே நீங்கள் சரி செய்துவிடாதீர்கள். "ஏன் ஓடலை? எந்தச் சக்கரம் இறுகிப் போச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை பார்க்கட்டும், யோசிக்கட்டும். சக்கரத்தை எண்ணச் சொல்லுங்கள். அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸா, பருத்தி ஏற்றும் லாரியா என்று பேசுங்கள். கோணலாக இருந்தாலும் அது பிள்ளை செய்த வண்டி.

மண் தின்னும் குழந்தை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் இப்படி வண்டி செய்துகொண்டிருந்தோம். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, சக்கரத்துக்குக் கொடுத்த மண்ணைக் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. தாயார் முதுகில் ஓர் அடி வைத்தார். "எத்தனை அடிச்சாலும் கேக்க மாட்டேங்குது சார். சுவரைக்கூடச் சுரண்டித் திங்குது" என்றார். குழந்தையின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதித்ததில் சோகை என்று தெரிந்தது. "நீங்களும் பாருங்கம்மா" என்று தாயாருக்கும் பரிசோதனை செய்ய வைத்தோம். அவருக்கும் சோகைதான். அந்த அடி வாங்க வேண்டிய குற்றம் எதையும் அந்தக் குழந்தை செய்யவில்லை.

மண், சாம்பல், சுண்ணாம்பு தின்னும் ஆசை, பல குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிறது. கொக்கிப்புழு குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வழியாகவே அது உடம்புக்குள் புகும். நாக்குப் பூச்சியின் முட்டையோ நக இடுக்கு வழியாக வாய்க்குப் போகும்.

அதனால் அடிக்காதீர்கள், அழைத்து வாருங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து வாரம் இரு முறை 1 மில்லி கொடுக்க வேண்டும். சோகை உள்ள குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். ஒரு வயது முதல் பூச்சி மாத்திரை உண்டு. முருங்கைக்கீரை, கம்பு, பயறு கொடுங்கள். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீத்தண்ணி வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

* களிமண் எடுக்கப் பிள்ளையைத் தனியே கண்மாய்க்கு அனுப்பாதீர்கள். மண் அள்ளிய குழியில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. மலம் கழிக்கும் இடத்து மண்ணை எடுக்காதீர்கள்.

* பூச்சிமருந்து டப்பா, அதன் மூடி, பழைய பேட்டரி, ஊசிக்குழல், வெடிக்காத பட்டாசு, துருப்பிடித்த தகரம் ஆகியவை விளையாட்டுச் சாமான் அல்ல. கழுவினாலும் வேண்டாம்.

* பொத்தான் போன்ற வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

* மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம், வாய்க்குள் போகும் அளவுள்ள எந்தச் சாமானும் கொடுக்கக்கூடாது. மூச்சுக்குழலில் சிக்கும்.

* விளையாடி முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து வையுங்கள். தூங்கும் இடத்தில் கயிறு வேண்டாம்.

* ஆணியோ முள்ளோ குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, செவிலியரிடம் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.

* வண்டி செய்தபின் நக இடுக்கோடு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகத்தை வாரம் ஒரு முறை வெட்டுங்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. இது பொம்பளை வேலை என்று ஒதுங்காதீர்கள். உங்கள் தகப்பனார் உங்களுக்கு நுங்கு வண்டி செய்து கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறதல்லவா? ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால் தாயின் உடம்பு தேறும். மூத்த பிள்ளையோடு உட்கார இருவருக்கும் நேரம் கிடைக்கும். அதற்கான வழிகளைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை அங்கன்வாடிக்கு வரும்போது, பிள்ளை செய்த வண்டியையும் கொண்டு வாருங்கள். வண்டியைப் பார்க்கும்போதே பிள்ளையின் எடையையும் பார்த்துவிடலாம்.