ஃபோம் ஜெட் விமானம் ஏன் தடுமாறுகிறது?
(மாணவர் பகுதி – பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படிக்க)



விடுமுறை விட்டால் பட்டம் விட்ட நம் பிள்ளைகளில் சிலர் இப்போது ஃபோம் ஷீட்டையும் தெர்மாகோலையும் வெட்டி, மோட்டார் வைத்து, ரிமோட்டில் பறக்கும் ஜெட் மாடல் செய்கிறார்கள். மாஷா அல்லாஹ், நல்ல பழக்கம். கையும் கணக்கும் சேர்ந்து வேலை செய்கிற பொழுதுபோக்கு இது. ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு நடப்பது ஒன்றுதான். மாதக்கணக்கில் சேர்த்த காசில் மோட்டாரும் பேட்டரியும் வாங்குகிறார்கள். முதல் வீச்சிலேயே விமானம் மூக்கைத் தூக்கி, நின்று, சரிந்து தரையில் குத்துகிறது. ஒட்டிவிட்டு மறுபடி வீசுகிறார்கள், மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவை மோட்டார் தண்டு வளைந்துவிடும். "காசைக் கரியாக்கினாய்" என்று வீட்டில் திட்டு விழும். பிள்ளை அதோடு விட்டுவிடுவான். ஏன் விழுந்தது என்று தெரியாமலே விட்டுவிடுவதுதான் உண்மையான விரயம்.

பறப்பதில் நிலைத்தன்மை என்பது நமக்குப் புதிய பேச்சும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்தலுஸின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் உடலில் இறகுகளைப் பொருத்திக்கொண்டு பறக்க முயன்றதாக, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வரலாற்றாசிரியர் அல்மக்கரீ எழுதிவைத்திருக்கிறார். ஓரளவு தூரம் பறந்தாராம், இறங்கும்போது முதுகில் அடிபட்டதாம். பறவை இறங்குவதற்கு வால் வேண்டும் என்பதை அவர் கணக்கில் எடுக்காததே காரணம் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. இதில் எவ்வளவு அப்படியே நடந்தது என்பதை வரலாற்று அறிஞர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அந்தக் காரணம். இறக்கை தூக்கும், அவ்வளவுதான். மூக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதை வாலும் எடையின் இருப்பிடமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நிலவின் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.

முதலில் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

தடுமாறும் விமானத்தைக் கொண்டுவந்தால் ரிமோட்டைத் தொடும் முன் ஈர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரி உட்பட எல்லாவற்றையும் பொருத்திய பிறகு, இரண்டு இறக்கைகளின் அடியிலும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் எந்த இடத்தில் மூக்கும் வாலும் சமமாக நிற்கிறதோ, அந்தக் கோடுதான் ஈர்ப்பு மையம்.

அது எங்கே இருக்க வேண்டும்? ஜெட் மாடல்களில் பெரும்பாலானவை முக்கோண இறக்கை கொண்டவை. சில பிள்ளைகள் விமானத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டி, பென்சில் முனையில் நிறுத்தி, அது நிற்கும் இடத்தில் எடையை அமைக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. அட்டை காட்டுவது பரப்பின் மையத்தை. முக்கோணத்தில் அது முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் விழும். காற்றின் தூக்குவிசையோ அதைவிட நன்றாக முன்னால்தான் செயல்படுகிறது. அட்டைக் கணக்கில் அமைத்த விமானம் வால் கனத்துப் போய், கையை விட்டதும் மூக்கைத் தூக்கும்.

சரியான கணக்கு இது. பின்விளிம்பு நேராக உள்ள முக்கோண இறக்கை, நடுக்கோட்டில் அதன் நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இறக்கையின் சராசரி அகலம் அதில் மூன்றில் இரண்டு, அதாவது 40 செ.மீ. அது முனையிலிருந்து 20 செ.மீ. தள்ளித் தொடங்குகிறது. தூக்குவிசையின் மாற்றம் செயல்படும் இடம் அந்த 40-இல் கால் பங்கு, 10 செ.மீ. ஆக, முனையிலிருந்து 30 செ.மீ. இதற்குச் சமநிலைப் புள்ளி என்று பெயர். ஈர்ப்பு மையம் இதற்கு முன்னால் இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு முன்னால்? கற்றுக்கொள்பவருக்குச் சராசரி அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 செ.மீ. எனவே முனையிலிருந்து 26 செ.மீ.-இல் எடை நிற்க வேண்டும். கை பழகிய பிறகு ஒன்றிரண்டு செ.மீ. பின்னால் நகர்த்தலாம். முதல் நாளில் வேண்டாம்.

இந்தக் கணக்கில் நம்பிக்கை வரவில்லையா? ஒரு மலிவான சோதனை இருக்கிறது. எனக்கு இதுதான் மிகப் பிடிக்கும், ஏனென்றால் எட்டு வயதுப் பிள்ளையும் செய்யலாம். அதே வடிவத்தை நான்கில் ஒரு பங்கு அளவில் மெல்லிய ஃபோம் ஷீட்டில் வெட்டுங்கள். நம் உதாரணத்துக்கு 15 செ.மீ. நீளம். பின்விளிம்பை ஓரிரு மில்லிமீட்டர் மேலே மடித்து, மூக்கில் ஒரு நாணயத்தை ஒட்டி, கூடத்தில் மெதுவாக வீசுங்கள். நாணயத்தை முன்னும் பின்னும் நகர்த்தினால் எந்த இடத்தில் அது அலைபாயாமல் வழுக்கிப் போகிறது என்று தெரிந்துவிடும். அப்போது அந்தச் சின்ன விமானம் விரலில் சமமாக நிற்கும் இடத்தை முனையிலிருந்து அளந்து, நான்கால் பெருக்கிப் பெரிய விமானத்தில் குறியுங்கள். பேட்டரி வேண்டாம், மோட்டார் வேண்டாம், விழுந்தாலும் நஷ்டமில்லை.

எடையை நகர்த்த ஈயத்துண்டு ஒட்ட வேண்டியதில்லை, பேட்டரியை நகர்த்தினால் போதும். விமானம் 700 கிராம், பேட்டரி 180 கிராம் என்றால், பேட்டரியை 4 செ.மீ. முன்னே தள்ளும்போது ஈர்ப்பு மையம் 180-ஐ 4-ஆல் பெருக்கி 700-ஆல் வகுத்த அளவு, ஏறத்தாழ 1 செ.மீ. முன்னே வரும். சரியான இடம் கிடைத்ததும் ஃபோமில் மார்க்கரால் கோடு போட்டு, வெல்க்ரோ பட்டையால் பேட்டரியை இறுக்கிக் கட்டுங்கள். நேற்று நன்றாகப் பறந்தது இன்று பறக்கவில்லை என்று சொல்லும் பிள்ளைகளில் பலருக்கு, பேட்டரி இரண்டு விரற்கடை நழுவியிருப்பதே காரணம்.

பறக்கும்போது தெரியும் அடையாளங்கள்

வால் கனத்த விமானத்தை ஓட்டுவது வழுக்குப் பாறையில் நடப்பது போல. குச்சியைச் சற்றே தொட்டாலும் பாயும், கை எடுத்தால் நிற்காது. மூக்கு கனத்தது அப்படியில்லை. சோம்பேறித்தனமாக இருக்கும், இறங்கும்போது வேகம் கேட்கும், ஆனால் உயிரோடு திரும்பி வரும். சந்தேகம் இருந்தால் மூக்கு கனமாகவே வையுங்கள்.

சற்றே பழகியவர்கள் உயரத்தில் இதைச் செய்து பார்க்கலாம். நேராகப் பறக்கும்படி டிரிம் செய்து, மூக்கை மெல்லக் கீழே சாய்த்து, குச்சியை விட்டுவிடுங்கள். விமானம் தானாகச் சட்டென்று மேலே வளைந்தால் மூக்கு கனம், அதை ஈடுகட்ட டிரிம் அதிகம். மெதுவாக நிமிர்ந்தால் சரி. சாய்வு மேலும் செங்குத்தானால் வால் கனம், உடனே மீட்டு இறக்கிவிடுங்கள்.

எடை சரியாக இருந்தும் ஆக்ஸிலரேட்டரைக் கூட்டும்போது மட்டும் மூக்கு தாழ்கிறது, குறைத்தால் தூக்குகிறது என்றால் குறை மோட்டார் அமைந்த உயரத்தில் இருக்கிறது. மோட்டாரின் அச்சுக்கோடு ஈர்ப்பு மையத்துக்கு மேலே போகிறது. அந்தக் கோட்டை முன்னோக்கி நீட்டினால் ஈர்ப்பு மையத்தை ஒட்டிப் போகும்படி, மோட்டார் தாங்கியின் அடியில் வாஷர் வைத்து இரண்டு மூன்று பாகை சாய்த்தால் தீரும்.

ஒரு பக்கமே உருள்கிறதா? மெதுவாகப் பறக்கும்போது அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் உருண்டால் ஒரு இறக்கை மற்றதைவிடக் கனம். மூக்கையும் வாலையும் நூலில் தொங்கவிட்டால் தெரியும், லேசான பக்கத்தின் நுனியில் சிறிது எடை ஒட்டுங்கள். வேகம் கூடக் கூட உருள்வதும் கூடினால் இறக்கை முறுக்கியிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டு பின்விளிம்புகளும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வெயிலில் பைக்கின் சீட்டிலோ மொட்டை மாடியிலோ வைத்த ஃபோம் முறுக்காமல் இருப்பது அரிது. 3 மி.மீ. கார்பன் குச்சியை இறக்கையின் குறுக்கே பதித்து ஒட்டினால் நெளியாது. தெர்மாகோலில் ஃபெவிக்விக் போடாதீர்கள், கரைந்து ஓட்டையாகும். அதற்கு வெள்ளைப் பசை போதும்.

கையை விட்ட கணத்தில் மட்டும் இடப்பக்கம் கவிழ்ந்தால் அது வேறு. ப்ரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும்போது, விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம், இடப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். வேகம் இல்லாத அந்த ஒரு நொடியில் அதைத் தடுக்கும் பலம் எலிவான்களுக்குக் கிடையாது. எதிர்காற்றைப் பார்த்து, தரைக்கு இணையாக, பலமாக வீச வேண்டும். மேல்நோக்கி வீசுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் கெடுக்கிறது.

வாலையும் மூக்கையும் மீன்போல் ஆட்டிக்கொண்டே போனால் செங்குத்து வால் சிறியது அல்லது தளர்ந்தது. பெரிதாக வெட்டி, அடியில் முட்டுக் கொடுத்து ஒட்டுங்கள். முழு வேகத்தில் தேனீ ரீங்காரம் போலச் சத்தம் வந்தால் எலிவான் படபடக்கிறது. அந்தக் கணமே வேகத்தைக் குறைக்கவும், ஒரு சில விநாடிகளில் கீல் பிய்ந்து போய்விடும். கம்பியின் ஆட்டத்தைப் போக்கி, எலிவானில் கார்பன் பட்டை ஒட்டிய பிறகே மறுபடி பறக்க விடுங்கள்.

கைரோ கருவி வைத்தால் எல்லாம் சரியாகும் என்று கடைக்காரர் சொல்வார். காற்றடியின் உதறலை அது குறைக்கும், உண்மைதான். ஆனால் தவறான ஈர்ப்பு மையத்தை அது திருத்தாது. திசை மாறிப் பொருத்தினால் நல்ல விமானத்தையும் ஒரே நொடியில் கவிழ்க்கும். தரையில் வைத்துச் சோதியுங்கள். விமானத்தை வலப்பக்கம் சாய்த்தால் வலது எலிவான் கீழே இறங்க வேண்டும். மூக்கைக் கீழே சாய்த்தால் இரண்டும் மேலே போக வேண்டும். ரிமோட்டிலும் இப்படியே பாருங்கள். குச்சியை நம் பக்கம் இழுத்தால் இரண்டு எலிவானும் மேலே, வலப்பக்கம் தள்ளினால் வலது மேலே, இடது கீழே. கைரோவும் குச்சியும் எதிரெதிர் வேலை செய்வது போலத் தோன்றும், குழம்பாதீர்கள். ஒன்று சாய்ந்ததை நிமிர்த்துகிறது, மற்றது நாம் சொன்னபடி சாய்க்கிறது. நிலைநிறுத்தும்போது இரண்டு எலிவானும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும். வாலில்லாத இறக்கைக்கு அதுதான் வால்.

எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நோட்டில் எழுதுங்கள். எடையையும் டிரிம்மையும் மோட்டாரையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

பெற்றோர் கவனத்துக்கு

வீட்டு மேசையில் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும், இதில் சலுகை இல்லை. பெரிய பிள்ளை மோட்டாரைச் சோதிக்க, பக்கத்தில் நிற்கும் சின்னத் தங்கையின் விரல்தான் போகும். அப்படியே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானாக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அந்த விமானம் வெளியே போகக்கூடாது. ப்ரொப்பெல்லர் பின்பக்கம் உள்ள மாடலை வீசும்போது, கை விலகிய பிறகே மோட்டாரை முழு வேகத்துக்கு ஏற்றுங்கள். வீசுவது பெரியவராக இருப்பது நல்லது.

லித்தியம் பாலிமர் பேட்டரியை அதற்கென்ற சமன்படுத்தும் சார்ஜரில், கல் தரையில் வைத்து, ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்ய வேண்டும். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். இரவில் போட்டுவிட்டு உறங்குவது, மெத்தையில் வைப்பது, உப்பியதை இன்னும் ஒரு தடவை மட்டும் என்று பயன்படுத்துவது, இவை வீட்டையே எரிக்கக்கூடியவை. பறக்கவிடாத நாட்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, பள்ளிவாசல் வளாகமும் தெருவும் வேண்டாம். ஜும்ஆ கலையும் நேரத்தில் மைதானத்திலும் வேண்டாம். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம் பகுதி பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையம், ராணுவ வளாகம் பக்கத்தில் கூடவே கூடாது. ஃபஜ்ர் தொழுகை முடிந்து வெயில் ஏறும் முன் உள்ள ஒரு மணி நேரம்தான் முதல் பறப்புக்கு ஏற்றது. காற்று அசையாது, மைதானத்தில் ஆளும் குறைவு. அறுவடை முடிந்த வயலோ, புல் வளர்ந்த தரையோ கிடைத்தால் முதலில் மோட்டாரை அணைத்தே வெறுமனே வீசிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு அடி நேராக வழுக்கி இறங்கினால் அதன் பிறகு மோட்டாரைப் போடலாம்.