டிப்பர் பைப்பில் எண்ணெய் கசிந்தால் கையை வைக்காதீர்கள்

ஏரி வற்றினால் எங்கள் கலசப்பாக்கம் பக்கம் டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே இலவச அனுமதி தரலாம் என்று 2024இல் விதி எளிதாக்கப்பட்டது. வண்டல் முடிந்தால் தொழுவுரம், அதுவும் முடிந்தால் கரும்புச் சோகை. ஒரு மூட்டை யூரியா போடுகிற இடத்தில் நாம் டிரெய்லர் டிரெய்லராக எரு கொட்டுகிறோம். ஆகவே டிப்பர் டிரெய்லர் நமக்கு ஆடம்பரம் இல்லை. அந்த டிப்பரைத் தூக்குவது ஒரே ஒரு ரப்பர் பைப். கடையில் 'ஹைட்ராலிக் ஓஸ்' என்பார்கள், ஓட்டுநர்கள் 'ஜாக்கி பைப்' என்பார்கள். டயருக்குக் காற்று பார்க்கிறோம், இன்ஜினுக்கு ஆயில் பார்க்கிறோம். இதை மட்டும் வெடித்த பிறகுதான் பார்க்கிறோம்.

முதலில் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். டிராக்டர் ஹைட்ராலிக்கில் பொதுவாக 150 முதல் 200 பார் வரை அழுத்தம். 180 பார் என்று வைத்தால் சுமார் 2,600 பிஎஸ்ஐ. கார் டயரில் 32 பிஎஸ்ஐ காற்று. கிட்டத்தட்ட 80 மடங்கு! விரல் தடிமன் பைப்புக்குள் இது ஓடுகிறது. அதனால்தான் இந்த பைப்பின் ரப்பருக்குள் எஃகுக் கம்பிப் பின்னல் வைத்திருக்கிறார்கள். ஒரு பின்னல் இருந்தால் ஆர்1, இரண்டு பின்னல் இருந்தால் ஆர்2.

வங்கியில் இருந்த காலம் முழுக்க, 'கையெழுத்துப் போடும் முன் பொடி எழுத்தைப் படிங்க' என்று சொல்லிச் சொல்லிப் பழகியவன் நான். பைப்பிலும் பொடி எழுத்து உண்டு. நீளவாக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அதில் தரம் (எஸ்ஏஇ 100 ஆர்2 அல்லது இஎன் 853 2எஸ்என் என்பது போல), உள்விட்டம், தாங்கும் வேலை அழுத்தம், தயாரான காலம் எல்லாம் இருக்கும். அந்த வரியே இல்லாத பைப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அரை அங்குல ஆர்1 தாங்கும் வேலை அழுத்தம் சுமார் 160 பார். அதே அரை அங்குல ஆர்2 என்றால் 275 பார். உங்கள் டிராக்டர் 180 பார் தருகிறது என்றால் எதை வாங்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைக்காரர் வேறு கணக்கு சொல்வார்: "சார், வேலை அழுத்தத்தைப் போல நாலு மடங்கு வந்தால்தான் வெடிக்கும். ஆர்1 தாராளமா போதும்." நாலு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளி நாம் செலவழிக்க வைத்ததல்ல. பாரம் ஏற்றிய டிரெய்லரைத் தூக்கிய நிலையில் வண்டி வரப்பில் ஒரு குலுக்கல் குலுங்கினால், அழுத்தம் கண நேரத்தில் எகிறும். அதைத் தாங்கத்தான் அந்த இருப்பு.

பழைய பைப்பை இரண்டு முனையோடும் கடைக்கு எடுத்துப் போங்கள். மரை விஷயத்தில் கண்ணை நம்பக் கூடாது. பிஎஸ்பி, என்பிடி என்று இரண்டு வகை மரை இருக்கிறது. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. ஒன்றை மற்றதில் மாட்டினால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். 'டைட் ஆயிடுச்சு' என்று நினைப்போம். அழுத்தம் வந்ததும் கசியும், மேலும் முறுக்கினால் மரை போகும். சரியான பைப் நட் கையாலேயே கடைசி வரை சுற்றி இறங்க வேண்டும். ஸ்பானர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்.

டெஃப்லான் டேப் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள். அது வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு. ஹைட்ராலிக் நட்டில் எண்ணெயைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் கூம்பு. நேர்மரை துளை என்றால் இரும்பு வளையத்துக்குள் ரப்பர் வைத்த டவுட்டி வாஷர் தடுக்கும். டேப் சுற்றினால் அதன் துணுக்கு பிய்ந்து வால்வுக்குள் போய் உட்காரும். கழற்றும்போதெல்லாம் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசுதான். புது பைப்பை வெட்டி முனை அழுத்தியதும், உள்ளே காற்றடித்துச் சுத்தம் செய்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வெட்டின தூள் உள்ளேயே இருந்தால் பம்பைத் தின்றுவிடும்.

மாட்டும்போது அந்த அச்செழுத்து வரிதான் நமக்கு அளவுகோல். அது பைப் நெடுக நேராக ஓட வேண்டும். கொடி போலச் சுற்றிக்கொண்டு போனால் பைப் முறுக்கிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் போகும். அதனால் எப்போதும் இரண்டு ஸ்பானர், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. அழுத்தம் ஏறினால் பைப் நீளத்தில் நூற்றுக்கு நாலு பங்கு வரை சுருங்கலாம். இரண்டு மீட்டர் பைப்பில் அது 8 செ.மீ. ஆகவே விறைப்பாகக் கட்டாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்து, இழுபடாத நீளம் வையுங்கள். வளைவும் முக்கியம். அரை அங்குல ஆர்2-வை 18 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. ஒரு தாம்பாளத்தின் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சின்னதாக மடங்கக் கூடாது. முனையை ஒட்டியே மடங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

டிரெய்லரைக் கழற்றும்போது டிப்பரை முழுதாக இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவரை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் அசையுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட அழுத்தம் இறங்கும். இதைச் செய்யாமல், கப்ளிங் மாட்ட வரவில்லை என்று அதன் முனையைக் கல்லால் தட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. கழற்றிய முனைக்கு மூடி போட்டு மேலே தொங்கவிடுங்கள். மண்ணில் கிடந்த முனையைத் துடைக்காமல் மாட்டினால் வண்டல் நேராக எண்ணெய்க்குள் போகிறது. பல டிராக்டர்களில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அடுத்தவர் டிரெய்லரை மாட்டினால் அந்த ஜாக்கியில் இருக்கும் பழைய எண்ணெயும் தண்ணீரும் உங்கள் கியர் பெட்டிக்கு வரும். இரவல் கொடுப்பது நம் பழக்கம், மறுக்கச் சொல்லவில்லை. எண்ணெய் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அளவு பார்ப்பதும் டிப்பர் இறங்கிய நிலையில்தான். தூக்கிய நிலையில் பார்த்தால் ஜாக்கியில் இருக்கும் எண்ணெய் கணக்கில் வராது.

வாரம் ஒருமுறை பைப்பைத் துடைத்துப் பாருங்கள். மேல் ரப்பரில் வெடிப்பு, கொப்புளம், உராய்ந்து கம்பி தெரிவது, முனை வளையத்தில் ஈரம், எலிக் கடி, இதில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். சைக்கிள் ட்யூப் சுற்றுவதும் கிளிப் போட்டு இறுக்குவதும் 180 பாருக்கு முன்னால் எடுபடாது. பார்க்க நன்றாக இருந்தாலும் கடையில் இருந்த காலத்தையும் சேர்த்து ஆறு ஆண்டுக்கு மேல் ஒரு பைப்பை ஓட்டக் கூடாது என்பது ஜெர்மானியத் தரநிலை. நம் வெயிலுக்கு நான் இன்னும் முன்பே மாற்றுவேன்.

இனி சொல்வதை ஓட்டுகிற பிள்ளைகளிடம் வாசித்தே காட்டுங்கள். ஊசி முனை அளவு ஓட்டையில் வரும் எண்ணெய் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. 'எங்க லீக்குன்னு பாக்கறேன்' என்று பைப்பைக் கையால் தடவினால், அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளி, பெரிய வலியும் முதலில் இருக்காது. எண்ணெய் சதைக்குள் பரவிச் சில மணி நேரத்தில் வீங்கி, திசு அழுகத் தொடங்கும். விரலோ கையோ எடுக்க வேண்டி வரும். மஞ்சள் பத்து போட்டு மறுநாள் பார்க்கலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், "முள் குத்தினது இல்லீங்க, அழுத்தத்துல எண்ணெய் உள்ள போயிருக்கு" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் புள்ளியைப் பார்த்து அவர்களும் சாதாரணமாக நினைக்கலாம். கசிவைத் தேட வேண்டுமானால் ஒரு அட்டைத் துண்டைக் குச்சியில் செருகி, தள்ளி நின்று, பைப் ஓரமாக நகர்த்துங்கள். அட்டையில் எண்ணெய் படும் இடம்தான் ஓட்டை. முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்.

தூக்கிய டிப்பரின் கீழே தலை நுழைப்பதும் அதே வகை. பைப் போனால் டன் கணக்கில் எடை நொடியில் இறங்கும். கீழே வேலை இருந்தால் பாரத்தை முழுதும் கொட்டிவிட்டு, இரும்பு முட்டு கொடுத்த பிறகே. கட்டை, செங்கல் எல்லாம் முட்டு ஆகாது.

சொட்டுக் கசிவு என்றும் விட வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு, 25 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால், எட்டு மணி நேர வேலையில் ஒரு லிட்டருக்கு மேல் நிலத்தில் போகிறது. மண்புழுவுக்காக ரசாயனத்தை நிறுத்திய நிலத்தில்! பைப் வெடித்து எண்ணெய் கொட்டினால் உடனே உமியோ மரத்தூளோ தூவி உறிஞ்சவிட்டு, நனைந்த மண்ணோடு சேர்த்து வெட்டி எடுங்கள். அதை எருக்குழியில் போடாமல் சாக்கில் கட்டித் தனியே வையுங்கள்.