கெண்டை மீனின் வயிறு வீங்குவது ஏன்?

பண்ணைக் குட்டையில் வலை இழுக்கும்போது வயிறு பருத்த கெண்டை மீன்கள் அகப்படுவதுண்டு. சிலர் அவற்றைச் சினை மீன்கள் எனக் கருதி மீண்டும் குட்டையிலேயே விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் சினை மீனுக்கு நோயென்று எண்ணி மருந்துக்குச் செலவிடுகின்றனர். இரண்டுமே நட்டம்தான்.

சினை மீனா, நோய் மீனா?

கட்லா, ரோகு ஆகியவற்றின் பெண் மீன்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பருவமடைந்து, மழைக்காலத்தில் சினை கொள்ளும். அப்போது வயிறு மிருதுவாகப் பருத்திருக்கும். செதில்கள் உடலோடு படிந்திருக்கும். மீன் சுறுசுறுப்பாக நீந்தும்.

நோயுற்ற மீனின் செதில்கள் பலாப்பழ முட்களைப் போல் சிலிர்த்து நிற்கும். கண்கள் பிதுங்கியிருக்கும். இரை எடுக்காமல் கரையோரம் ஒதுங்கி நிற்கும். இறந்த மீனை அறுத்துப் பார்த்தால் வயிற்றில் நீர் கோத்திருப்பது தெரியும்.

நோயின் காரணம்

நன்னீர் மீனின் செவுள் வழியே உடலுக்குள் நீர் இடைவிடாமல் புகுந்துகொண்டே இருக்கிறது. அதனைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மடை திறந்திருக்க வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குகிறதல்லவா? அதுபோலவே சிறுநீரகம் கெட்டால் மீனின் வயிற்றில் நீர் தேங்குகிறது.

சிறுநீரகத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் ஏரோமோனாஸ் என்னும் பாக்டீரியாக்கள். இவை குட்டை நீரிலும் சேற்றிலும் இயல்பாகவே உள்ளவை. மீன் நெருக்கம், அளவுக்கு மீறிய சாணம், தின்னாமல் அழுகும் தீவனம் ஆகியவற்றால் நீர் கெட்டு மீன்கள் நலியும்போதுதான் இவை நோயை உண்டாக்குகின்றன.

செய்ய வேண்டியவை

1. நோயுற்ற, இறந்த மீன்களை உடனே அகற்றிச் சுண்ணாம்பு தூவிக் குழியில் புதைக்கவும். கரையில் எறிய வேண்டாம்.

2. சாணம் இடுவதை நிறுத்தவும். தீவனத்தைக் குறைக்கவும்.

3. குட்டை நீரில் நான்கில் ஒரு பங்கை வடித்து, நல்ல நீர் பாய்ச்சவும்.

4. வலையை நன்கு வெயிலில் உலர்த்திய பின்னரே வேறு குட்டையில் பயன்படுத்தவும்.

5. நீரின் கார அமில நிலையைச் சோதித்த பிறகே சுண்ணாம்பு இடவும். மீன்வள அலுவலரைக் கேளாமல் எதிர் உயிரி மருந்துகளை இட வேண்டாம். அவற்றுள் சில மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

செதில் சிலிர்த்த மீன் பிழைப்பது அரிது. ஆகவே நாள்தோறும் விடியற்காலையில் குட்டையைச் சுற்றி வந்து மீன்களைக் கவனியுங்கள். ஒரு மீனில் காணும் வீக்கம் குட்டை நீர் கெட்டுள்ளது என்பதற்கான அறிகுறி. உடனே நீரைச் சீர்செய்தால் எஞ்சிய மீன்களைக் காப்பாற்றலாம்.