அந்நிய நாட்டில் களையாகிய கொழுக்கட்டைப் புல்

கொங்கு நாட்டுப் புஞ்சைக் குடியானவர்களுக்குக் கொழுக்கட்டைப் புல்லைப்பற்றி எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கிளுவை வேலி சூழ்ந்து, வெள்வேல மரங்கள் இடையிடையே நிற்கும் கொறங்காடுகளில் காங்கயம் மாடுகளுக்கு முக்கிய மேய்ச்சலாவது இப்புல்லேயாம். கோடையில் இலை காய்ந்தாலும் தூர் பட்டுப்போவதில்லை. ஒரு மழை பெய்தால் மறுபடியும் துளிர்க்கும். இத்தகைய உத்தமமான தீவனப் புல்லே அமெரிக்கா தேசத்து அரிஸோனா மாகாணத்தில், 2005-ஆம் ஆண்டு, தீங்கு செய்யும் களையென்று சட்டப்படி விளம்பரம் செய்யப்பட்டது. ஒரே புல் ஓரிடத்தில் செல்வமாகவும் மற்றோரிடத்தில் சத்துருவாகவும் ஆன காரணத்தையும், அதை அங்கே ஒழிக்கும் முறையையும் அறிவது, புதிய புல் விதைகளை வருவிக்க விரும்பும் நிலச்சுவான்தார்களுக்கும், புறம்போக்குகளைக் கண்காணிக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் பிரயோஜனமாகும்.

புல் சென்ற வரலாறு

ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகியவற்றின் வறண்ட பாகங்களே இப்புல்லின் பிறப்பிடம். 1930-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மண் பாதுகாப்பு இலாகாவினர், மண் அரிப்பைத் தடுக்கவும் கால்நடைகளுக்குத் தீவனமாகவும் இதை வருவித்துப் பரீட்சை செய்தனர். டெக்ஸாஸ் மாகாணத்திலும் மெக்ஸிகோவின் ஸொனோரா பிரதேசத்திலும் மேய்ச்சலுக்காக இது விரிவாக விதைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவிற்கோ, முன்னமே ஒட்டகச் சேணங்களில் திணித்த புல்லோடு இதன் விதை போய்ச் சேர்ந்தது. அங்கே தென் ஆஸ்திரேலியா மாகாணத்தார் 2015-இல் இதைக் களையென்று விளம்பரம் செய்தனர்.

விளையும் தீங்கு

அரிஸோனாவில் டூஸான் நகரைச் சூழ்ந்த பாலை நிலத்தில் ஆண்டிற்குச் சுமார் 11 அங்குலம் மழையே பெய்யும். அங்குள்ள சுதேசச் செடிகள் இடைவிட்டு நிற்பவை. நடுவே வெறுந்தரை கிடக்கும். ஆகையால் இடி விழுந்து ஒரு செடி எரிந்தாலும், தீ அடுத்ததற்குத் தாவுவது அரிது. ஸகுவாரோ என்னும் நெடிய கள்ளிமரம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். அதன் கன்று பச்சைப் பட்டையுள்ள முள்மரங்களின் நிழலிலே மெதுவாக வளரும். இவற்றுள் எதற்கும் தீயைத் தாங்கும் இயல்பு இல்லை.

கொழுக்கட்டைப் புல் அவ்வெறுந்தரையைப் பிடித்துக்கொள்கிறது. மழைநீரைச் சுதேசக் கன்றுகளுக்கு முன்னே உறிஞ்சுகிறது. வறட்சியில் வைக்கோலாகக் காய்ந்து, செடிக்குச் செடி தீயைக் கொண்டுசெல்கிறது. எரிந்தபின் கள்ளிகள் மடிகின்றன. புல்லோ தூரினின்று துளிர்க்கிறது. ஒவ்வொரு தீயும் புல்லுக்கே இடம் விடுகிறது. கொறங்காட்டில் ஆடுமாடுகள் இதை மேய்ந்து மட்டுப்படுத்துகின்றன. அங்குள்ள பாறைச் சரிவுகளில் மேய்ப்பதற்கு மந்தை இல்லை. வேற்றுமை புல்லிலன்று, அது நின்ற இடத்திலேயே உள்ளது.

ஒழிக்கும் முறை

1. இனங்காணல்: அவ்விடத்துச் சுதேசப் புற்கள் சில இதைப்போலவே தோன்றும், அவற்றைப் பிடுங்குவது களைக்கு இடம் செய்வதாகும். கொழுக்கட்டைப் புல்லின் கதிரிலிருந்து விதைகளை உருவிவிட்டால், நடுத்தண்டு சொரசொரப்பாக இருக்கும்.

2. தூரோடு தோண்டல்: அறுப்பதாலும் எரிப்பதாலும் பயனில்லை. மழைக்குப்பின் மண் இளகியிருக்கையில், கடப்பாரையால் நெம்பித் தூர் முழுவதையும் எடுக்கவேண்டும். வேரிலுள்ள மண்ணை உதறிக் குழியிலேயே தள்ளி, தரையைப் பழையபடி நிரவிவிடுதல் நலம். கிளறிய மண்ணிலே விதைகள் எளிதில் முளைக்கும்.

3. கதிரைச் சேகரித்தல்: விதை மென்மயிர்ச் சுணைகளோடு கூடியது, காற்றிலும், உடையிலும், விலங்குகளின் மயிரிலும், வண்டிகளிலும் பற்றிச் செல்லும். ஆகையால் கதிர்களை முதலில் கொய்து பையிலிட்டு அகற்றவேண்டும்.

4. மருந்து தெளித்தல்: அடர்ந்த சரிவுகளில் க்ளைபோஸேட் என்னும் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. புல் பச்சையாயுள்ள மழைப் பருவத்தில்தான் மருந்து தூருக்கு இறங்கும். காய்ந்த புல்லில் தெளிப்பது வீண் செலவு. சுதேசச் செடிகளின்மேல் மருந்து படாதபடி தேர்ந்த ஆட்களே செய்யவேண்டும்.

5. வரிசை: பெருந்திரளை முதலில் எதிர்த்து ஆள்பலத்தைச் செலவிடாமல், புதிதாக முளைத்த சிறு திட்டுக்களையும் பாதையோரங்களையும் முன்னே துடைத்தல் வேண்டும்.

6. தொடர்ச்சி: மண்ணில் விழுந்த விதை சில ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆகையால் ஒரு முறை நீக்கிய இடத்தை ஒவ்வொரு மழைக்குப்பின்னும் பல ஆண்டுகள் பார்வையிடல் அவசியம். ஓராண்டு தவறினும் முந்திய உழைப்பு வீணாகலாம்.

குடியானவர்கள் கவனிக்கத்தக்கவை

இதனால் கொறங்காட்டுப் புல்லை ஐயுறவேண்டுவதில்லை. அது தன் சொந்த மண்ணில் நிற்பது. அரிஸோனாவில் பரீட்சித்தவர்கள் புல்லின் குணத்தைச் செவ்வையாகவே கண்டனர்: வறட்சி தாங்கும், விரைவில் பரவும், வெட்டினாலும் துளிர்க்கும். அக்குணங்களே பின்னர்த் தீங்காயின. ஆதலால் வேற்று நாட்டுப் புல் எதையும் புகழ்ச்சியை மட்டும் கேட்டு விதைத்தல் தகாது. முதலில் வேலியிட்ட சிறு பாத்தியில் விதைத்து, கதிர் முற்றுமுன் அறுத்துத் தீவனமாக்கி, வேலிக்கு வெளியே அதன் முளை காணப்படுகிறதா என்று சில பருவங்கள் பார்த்தபின்னரே விரிவாக்குவது விவேகம். கிராம உத்தியோகஸ்தர்கள் மழைக்குப்பின் பாதையோரங்களையும் ஓடைக் கரைகளையும் சுற்றிப் பார்த்து, பழக்கமில்லாத புல்லைக் கண்டால் கதிர் விடுமுன் இலாகாவுக்குத் தெரிவிப்பார்களாக. பத்துத் தூர்களை நீக்க ஓர் ஆளின் ஒரு காலைப்பொழுது போதும். அவை விதைத்துச் சரிவெங்கும் பரவியபின், பல ஆண்டுப் பொருளும் போதாது.